அலாரம் பெட்டி மூடிக்கு ஒற்றை ஸ்க்ரூ

கேள்வி: வீட்டுக்கு பெயின்ட் அடித்தபோது, திருட்டு அலாரம் பெட்டியின் மூடியைக் கம்பெனி ஆள்தான் வந்து கழற்றி மாட்டினார். இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம். அன்றிலிருந்து வாசல் கதவை ஓங்கிச் சாத்தினாலே கீபேடில் 'டேம்பர்' என்று வருகிறது. கேட்டால், ஸ்க்ரூ தனியாகக் கிடையாது, மூடியோடுதான் வாங்க வேண்டும், அதுவும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால்தான் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகி, தாம்பரம்

பதில்: உண்டு. மூடிக்குப் பணம் கட்டாதீர்கள். ஹார்டுவேர் கடையில் சில ரூபாயில் முடிகிற வேலை இது.

மூடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். மூடி அழுந்தி உட்கார்ந்திருக்கும்வரை அது சும்மா இருக்கும். ஒரு ஓரம் லேசாக எழும்பினால் போதும், யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள் என்று பேனலுக்குத் தகவல் போய்விடும். அலாரத்தை ஆஃப் செய்திருந்தாலும் இந்தச் சுவிட்ச் வேலை செய்யும். ஆகவே, மாதிரிக்கு என்று மீதி ஸ்க்ரூவைச் சட்டென்று கழற்றிவிடாதீர்கள்; சைரன் தெருவையே கூட்டிவிடும். கண்காணிப்பு மையத்தோடு இணைப்பு இருந்தால் முதலில் அவர்களுக்கு போன் செய்து சொல்லுங்கள். பிறகு ஒருவர் மூடியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியின் இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒட்டட்டும். மூடியைத் திறக்கவே தேவையில்லை. திறந்தாலும் உள்ளே கை வேண்டாம்: 230 வோல்ட் லைன் இருக்கும், மெயினை அணைத்தாலும் பேட்டரி இருக்கும்.

இப்போது ஸ்க்ரூவைப் பாருங்கள். மரை அகல அகலமாக, முனை கூராக இருந்தால் பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு போகும் செல்ஃப் டேப்பிங் வகை. மரை நெருக்கமாக, முனை மொட்டையாக இருந்தால் மெஷின் ஸ்க்ரூ. தகரப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான். மெஷின் ஸ்க்ரூ என்றால் ஸ்கேலை வைத்து 10 மி.மீ. நீளத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். 20 வந்தால் எம்3 (3 மி.மீ. தடிமன்), ஏறக்குறைய 14 என்றால் எம்4 (4 மி.மீ.). தடிமன் மூன்றரை மி.மீ. இருந்து, 12, 13 மரைதான் வருகிறது என்றால் அது அங்குலக் கணக்கு, 6-32 என்பார்கள். அமெரிக்கத் தயாரிப்புப் பெட்டி என்றால் இதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் 6-32 என்றால் விழிக்கலாம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கேளுங்கள். கேபினட்டுக்குப் போடுகிற தடித்த ஸ்க்ரூ அதுதான். மெல்லிசாக வைத்திருப்பது எம்3. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏறுவது கடைசி வழி.

எந்தக் கடையானாலும் அளவைச் சொல்லி வாங்குவதைவிட மாதிரியை மேஜையில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டு வாங்குவதே மேல். தலையின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. நீளம் மட்டும் கூடவே கூடாது. நீண்ட ஸ்க்ரூவின் முனை உள்ளே சர்க்யூட் போர்டிலோ வயரிலோ போய் இடித்தால், ஒரு ஸ்க்ரூவுக்காகப் பேனலையே மாற்றும்படி ஆகும். ஒரு மி.மீ. குறைந்தால் பாதகமில்லை.

மெஷின் ஸ்க்ரூ என்றால், மாட்டும்போது முதல் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் மரை வேறு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். பிளாஸ்டிக் துளை என்றால் முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று ஓரிடத்தில் இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய மரையிலேயே போகும், புது மரை வெட்டித் துளையைக் கெடுக்காது.

அப்புறம் அந்த ஒப்பந்த விஷயம். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று தருவோம் என்று நிபந்தனை போடுவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஒற்றை ஸ்க்ரூவுக்கு வழக்கு என்று அலைவது வீண். ஆனால் தொலைத்தது அவர்கள் ஆள். அவர் வந்துபோன தேதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாரன்டி இருக்கிறதென்றால் கடையில் ஸ்க்ரூ வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கும்போது நாலாக வாங்குங்கள். மிச்சத்தை ஒரு சின்ன கவரில் போட்டு பேனலின் மேனுவலோடு வைத்துவிடலாம்.