தமனித் தடிப்பும் நொதிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தமனி தடிப்பதில் நொதிகளுக்கு என்ன பங்கு? (அம்பாசமுத்திரம்)

கல்லீரல் கொலஸ்ட்ராலை உண்டாக்கும் வேகத்தை எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்னும் நொதி (உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம்) நிர்ணயிக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகள் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. தமனிச் சுவருக்குள் புகுந்த எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை மயலோபெராக்சிடேஸ் முதலிய நொதிகள் ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்க, அதை விழுங்கிய வெள்ளணுக்கள் நுரையணுக்களாகி அங்கேயே தேங்கிக் கொழுப்புப் படிவமாகின்றன. பின்னர் மெட்டல்லோபுரோட்டினேஸ் நொதிகள் படிவத்தின் மூடியை அரித்து மெலிவிக்கின்றன. அந்த மூடி கிழிந்த இடத்தில் இரத்தம் உறைவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம்.

ட்ரோபோனின் ஒரு நொதியா? (பாளையங்கோட்டை)

இல்லை, அது தசைப் புரதம். மாரடைப்பை அறிய இரத்தத்தில் இரண்டையும் அளப்பதுண்டு; அவற்றுள் சி.கே.-எம்.பி.தான் நொதி.

ஸ்டாட்டின் தொடங்கியபின் எஸ்.ஜி.பி.டி. 70 வந்ததால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே? (தென்காசி)

சரியன்று. நிறுத்திவிட்டுக் கேட்பதைவிடக் கேட்டுவிட்டு முடிவெடுத்திருக்கலாம். இந்தக் கல்லீரல் நொதி மேல்வரம்பைப்போல் மூன்று மடங்கை, அதாவது ஏறத்தாழ 120-ஐத் தாண்டினால்தான் பொதுவாக நிறுத்துவது பற்றி யோசிப்போம். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அடைப்பைக் கரைக்கும் நொதி மாத்திரை விற்கிறார்களே, வாங்கலாமா? (வள்ளியூர்)

வாங்காதீர்கள். வாரந்தோறும் இதே கேள்வி வருகிறது. அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயை வைத்துக்கொண்டவர்கள்கூட ஸ்டாட்டினைக் கைவிட்டு இந்தப் புட்டிகளோடு என் முன் வந்து அமரும்போது மனம் பதைக்கிறது. நொதி ஒரு புரதம். விழுங்கினால் அதன் பெரும்பகுதி வயிற்றிலேயே சீரணமாகிவிடும். மாரடைப்பின்போது நாங்கள் செலுத்தும் ஸ்ட்ரெப்டோகைனேஸ்கூட ஊசிவழிச் சென்று புதிய இரத்தக்கட்டியைக் கரைக்கிறதே தவிர, கொழுப்பும் நாரும் கால்சியமும் சேர்ந்து பல்லாண்டுகளாக இறுகிய படிவத்தைத் தொடுவதில்லை. தமனி அழற்சியோடு தொடர்புடைய ஒரு நொதியைத் தடுக்கும் டாராப்ளாடிப் என்ற மருந்தை ஏறக்குறைய 29,000 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அது மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2014-இல் தெரிந்ததும் ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். புட்டி விற்பவர்கள் அப்படி எந்தச் சோதனையைக் காட்டினார்கள்? இரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ உட்கொள்பவர்களுக்கு இவற்றுள் சில இரத்தக்கசிவையும் மிகுவிக்கக்கூடும். மறுபடியும் சொல்கிறேன்: மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

என் அறிக்கையில் நொதி அதிகம் என்றிருக்கிறது. பயப்படலாமா? (சங்கரன்கோவில்)

எந்த நொதி, எவ்வளவு, எந்த வயது என்று எதையும் எழுதவில்லை. அறிக்கையை முழுமையாக அனுப்புங்கள்.

மறுவீட்டுச் சொதி சாப்பிட்ட அன்று மாலையே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன், ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 260. ஆபத்தா? (கல்லிடைக்குறிச்சி)

தேங்காய்ப்பால் விருந்து முடிந்த கையோடு பரிசோதித்தால் வேறென்ன வரும்? உணவுக் கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்றுவதற்கு லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதிக்குப் பல மணி நேரம் வேண்டும். 12 மணி நேரம் வெறும் வயிற்றோடிருந்து மீண்டும் பரிசோதித்து, அந்த எண்ணை எழுதுங்கள்.