வாசகர் கேள்வி: பரணில் ஒரு ஜப்பானிய வாள்

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். அவர் கொண்டுவந்த ஜப்பானிய வாள் பரணில் கிடக்கிறது. பழைய சாமான் வாங்கும் ஒருவர், ‘சாமுராய் வாள், ஐந்நூறு வருஷப் பழசு’ என்று அடம்பிடிக்கிறார். அலகில் ஐந்து இலக்க எண் இருக்கிறது. பிடி நாடா சுற்றியதுபோல் தெரிகிறது, தொட்டால் உலோகம். அவர் சொல்வது நிஜமா? துருவைத் தேய்த்து எடுக்கலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கொல்லன் வரிசை எண் அடிக்கவில்லை அம்மா! உங்களிடம் இருப்பது ‘டைப் 95’. 1935-இல் ஜப்பானியத் தரைப்படை அறிமுகப்படுத்திய, நம் ஹவில்தாருக்கு நிகரானவர்களுக்கான வாள். அலகு இயந்திரத்தில் செய்தது. பிடி, நாடா சுற்றியதுபோல் வார்த்து வண்ணம் பூசிய உலோகம்; முதலில் செம்பு, பிறகு அலுமினியம். பிடியைத் திருகாணி பிடித்திருக்கும். அலகின் இருபுறமும் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ரத்தம் வடியத்தான் அது என்று கதை விடுவார்கள், எடை குறைக்கத்தான்.

உறையின் வாயருகே எண் இருக்கிறதா பாருங்கள். அலகு எண்ணோடு பொருந்தினால் இரண்டும் சேர்ந்தே பிறந்தவை. சேகரிப்போர் அதற்குக் கூடுதலாகவே தருவார்கள். போலிகளும் ஏராளம். அவற்றில் வார்ப்பு மொழுக்கென்று இருக்கும், எண்ணும் கோணல்மாணலாக விழுந்திருக்கும்.

வியாபாரி சொல்லும் சங்கதி அதிகாரிகளின் வாள்களில்தான் நடக்கும். அவர்கள் வாளைச் சொந்தக் காசில் வாங்கவேண்டும். சிலர் குடும்பத்துப் பழைய அலகையே 1934, 1938 மாதிரி ராணுவப் பிடியில் பொருத்திக்கொண்டார்கள். அந்தப் பிடியில் நிஜ நாடா, அடியில் திருக்கைத் தோல், திருகாணிக்குப் பதில் மூங்கில் ஆணி. ஆணியைத் தட்டி எடுத்தால் பிடிக்குள் நுழையும் வால் பகுதியில் கொல்லன் பெயர் வெட்டியிருக்கலாம். அந்த வாலிலுள்ள கருந்துருவை மட்டும் யாரும் தொடக்கூடாது. வயதைக் கணிக்க அதுதான் சாட்சி.

உங்கள் வாளுக்குப் புளி, சாம்பல், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கா துலக்குவதற்கு? மெல்லிய மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகை லேசாகத் துடையுங்கள், போதும். விரல் படாமல் எடுங்கள். வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும்.

விற்பதானால் முதலில் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். இந்த நீள வாள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். தாத்தாவின் டிஸ்சார்ஜ் சான்றிதழ் கிடைத்தால் வாளோடு சேர்த்தே வையுங்கள். ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று அந்த வியாபாரி கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.