பெட்டி வாசிக்க ஆசைப்படும் பையனும் பேசி வைத்த சீட்டும்

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கட்-ஆஃப் 112. சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவில் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நாடகம் போட்டாலும் போய் விடிய விடிய உட்கார்ந்துவிடுகிறான். சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் தாய்மாமா, ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். பாதிப் பணத்துக்கு நகை, மீதிக்குக் கல்விக் கடன். "சொந்தக்காரங்க எல்லாம் கூத்தாடியாப் போயிடுவான்னு சொல்றாங்க. நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று நினைக்காத தாய் கிடையாது. ஆனால் புத்தி சொல்ல வேண்டிய ஆள் உங்கள் மகன் இல்லை. நீங்களும் உங்கள் தம்பியும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் பணம். கல்விக் கடனில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இணைக் கடனாளிகளாகக் கையெழுத்துப் போடுவீர்கள். அவன் படிக்கிற நான்கு வருடமும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கணக்கில் ஆர்வம் இல்லாத பையன் முதல் வருடமே கணிதத் தாளில் அரியர் வைப்பான். அரியர் இருக்கிற மாணவனைப் பெரும்பாலான கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கூப்பிடாது. அப்போது நகையும் இருக்காது, வேலையும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். இந்த நிலையில் வந்து உட்காரும் குடும்பங்களை நான் வருடந்தோறும் பார்க்கிறேன். சும்மா கிடைத்தால்கூட அவனுக்குப் பொருந்தாத படிப்பு இது. கடன் வாங்கிச் சேர்ப்பது தவறு. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அடுத்தது பையன். உங்கள் கடிதத்தில் "நடிக்கணும்னு அலையுறான்" என்று இருந்தது. நான் அவனோடு போனில் பேசினேன். அவனுக்கு நடிக்கிற ஆசையே இல்லை. ராஜபார்ட் (ஆண் முக்கிய வேடம்) யார், ஸ்திரீபார்ட் (பெண் முக்கிய வேடம்) யார் என்று கேட்டால் பேருக்குப் பதில் சொல்கிறான். பெட்டி, அதாவது ஆர்மோனியம், யார் வாசித்தது என்று கேட்டால் நிறுத்தாமல் பேசுகிறான். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் எடுத்தார், நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும்போது எங்கே ராகத்தை மாற்றினார் என்று அவனாகவே சொல்கிறான். அவன் கண் மேடையின் நடுவில் இல்லை. ஓரத்தில் ஆர்மோனியத்துக்கு முன்னால் இருப்பவர் மேல் இருக்கிறது. சொந்தக்காரர்கள் யாருக்கும் இது தெரியாது. உங்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தில் அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் நாடகக் கம்பெனி என்றால் ஒரே குழு, ஒரே வாத்தியார், மாதக்கணக்கில் ஒத்திகை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்டது. இன்று கிராமத்தில் நடக்கிற நாடகம் வேறு. நடிகர்களைத் தனித்தனியாக, அந்த ஒரு ராத்திரிக்கு என்று பேசி வரவழைக்கிறார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், கோமாளி வேடம் போடும் பபூன் வேறெங்கோ. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. சில சமயம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் முதலில் பார்ப்பார்கள். ஆனாலும் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிகிற வரைக்கும் நாடகம் நடக்கிறது. சுவாமிகள் எழுதிய பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொதுவாக மனப்பாடம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆர்மோனியக்காரர்.

நடிகர் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய சுருதி இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு வேறு கட்டை. இருவரும் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில் இரண்டு பேருக்கும் தொண்டை போகாமல் நடுவில் ஒரு இடம் பிடிக்க வேண்டும். வசனம் பேசிக்கொண்டே இருப்பவர் எப்போது பாட்டுக்குப் போவார் என்பதை அவர் மூச்சை வைத்தே கண்டுபிடித்து முதல் ஸ்வரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். நடிகருக்குப் பாட்டின் அடி மறந்துபோனால் பின்பாட்டுப் பாடி ஜனங்களுக்குத் தெரியாமல் அடுத்த அடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கர்நாடக ராகமும் காவடிச்சிந்தும் சினிமா மெட்டும் ஒரே காட்சிக்குள் வந்து போகும். மிருதங்கக்காரருக்கும், பல தாளக் கருவிகளை ஒரே ஆளாக வாசிக்கிற ஆல்ரவுண்டுக்காரருக்கும் கண்ணால் ஜாடை காட்டுவதும் இவர்தான். காலால் மிதித்துக் காற்று அடிக்கிற பெட்டி என்பதால் இரண்டு கையும் விசைக் கட்டைகளில் இருக்கும், அப்படியே பாடவும் வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு, பாதிச் சனம் தூங்கிவிட்ட பிறகும் சுருதி பிசகாமல் இதைச் செய்வது சாதாரணத் திறமை கிடையாது. உங்கள் மகன் இதைத்தான் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊர் சுற்றவில்லை அம்மா. பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதற்கு எங்கே படிப்பது? நேரடியான படிப்பு கிடையாது. கர்நாடக சங்கீத உலகம் ஆர்மோனியத்தை ஒதுக்கியே வைத்திருந்தது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற அசைவு, அதாவது கமகம், அந்த விசைக் கட்டைகளில் வராது என்பது அவர்கள் வாதம். அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது வருடத்துக்கும் மேலாக அதற்குத் தடையே போட்டிருந்தது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் உங்கள் மகன் முதலில் குரலிசை படிக்க வேண்டும் என்கிறேன். கமகம் தொண்டையில் ஏறிவிட்டால், பெட்டியில் எதை வாசிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கை தானாகத் தெரிந்துகொள்ளும்.

சிவகங்கையிலேயே மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். மூன்று வருடப் படிப்பு, 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், மாதாமாதம் சிறிய ஊக்கத்தொகையும் உண்டு. அவன் குரலிசையில் சேரட்டும். அங்கேயே மிருதங்க வகுப்பு மாணவர்களோடு பழகினால் தாளம் கெட்டியாகும். பகலில் வகுப்பு என்பதால் ரெகுலர் கல்லூரியும் சேர்த்துப் போக முடியாது. பட்டத்துக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் அல்லது வரலாறு. இந்தப் பட்டத்தை அவன் விடவே கூடாது. அவனிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன், சரி என்றிருக்கிறான்.

பெட்டியை நாடகத்தில் வாசிக்கிற ஒருவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். காரைக்குடியிலும் மதுரையிலும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ அவனோடு நேரில் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். சங்கத்தில் மூத்த ஆர்மோனியக் கலைஞர் ஒருவரைப் பார்த்து, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். குடும்பமே வந்து கேட்டால் அதற்கு மரியாதை தனி. அப்புறம் ஒன்று, ரீடு சுருதி சேர்க்கிற வேலையையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ரீடு என்பது பெட்டிக்குள் இருக்கிற பித்தளை நாக்கு. அதன் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். பொறுமையும் காதும் வேண்டிய வேலை. கோயில் பஜனைக் குழு, சர்ச், பள்ளிக்கூடம் என்று பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்த ஆள் வேண்டும்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நாடகம் பங்குனி, சித்திரை, வைகாசியில் குவியும். மழைக்காலத்தில் கை வெறுமையாக இருக்கும். மாதச் சம்பளம், பிஎஃப் எதுவும் இல்லை. ராத்திரிப் பயணமும் தூக்கக் கேடும் உடம்பைக் கெடுக்கும். குடிக்கிற கூட்டம் எந்தத் தொழிலிலும் உண்டு, இதிலும் உண்டு. அதனால் நாடகத்தை மட்டும் நம்பி அவன் வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இசைப் பள்ளி முடித்தால் மதுரை அரசு இசைக் கல்லூரிக்குப் போகலாம். பி.ஏ. முடித்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே இருக்கும் நிகழ்கலைப் பள்ளியில் நாடகம் முதுகலை படிக்கலாம். பாட்டு வகுப்பு எடுக்கலாம். ஆறு மாதம் மேடை, ஆறு மாதம் வகுப்பும் பெட்டி பழுதும் என்று வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இளையராஜாவும் அண்ணனோடு மேடை மேடையாக ஆர்மோனியம் வாசித்தவர்தானே என்று யாராவது அவனுக்கு ஆசை காட்டினால் தடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது.

கூத்தாடி என்கிற வார்த்தைக்கு வருகிறேன். அதைச் சொல்பவர்கள் வீட்டுக் குலசாமி கும்பிட்டுக்கும் நாடகம் வைத்துத்தான் நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள். கலைஞர் வேண்டும், அவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? இந்தப் பேச்சுக்குப் பயந்து லட்சக்கணக்கில் கடன் வாங்காதீர்கள். பேசியவர்கள் யாரும் தவணை கட்ட வர மாட்டார்கள்.

உங்கள் தம்பி அக்காள் மகன் மேல் உள்ள பாசத்தில்தான் அலைந்திருக்கிறார், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கல்லூரிக்கு இந்த வாரம் கட்டச் சொன்ன முன்பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை இசைப் பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்குங்கள். அசல் சான்றிதழை அந்தத் தனியார் கல்லூரியில் யாரிடமாவது கொடுத்து வைத்திருந்தால், முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.