கேளுங்க சொல்றோம்: எண்ணெய் அள்ளின பக்கெட்

கேள்வி: சார், சுற்றுச்சூழல் அழிவ வெச்சு வர்ற நாவல்னாலே கடல் பொங்குது, ஊரே முழுகுது, கடைசில நாலு பேர் தப்பிக்கிறாங்க. எங்க எண்ணூர் பக்கம் ஊரு அப்படியே தான் இருக்கு, ஆறு மட்டும் செத்துப்போச்சு. இத எப்படி கதையா எழுதுறது? (வாசகர், எர்ணாவூர்)

பதில்: தம்பி, அமிதவ் கோஷ் 2016ல 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்'னு ஒரு புக் போட்டாரு. பருவநிலை மாற்றத்த கதைல கொண்டாந்தா சீரியஸ் இலக்கியம்னு எடுத்துக்காம சயின்ஸ் பிக்‌ஷன் பக்கம் தள்ளிடுறாங்கன்னு அவருக்கு வருத்தம். சரிதான், ஆனா நம்ம ஏரியாவுல சிக்கலே வேற, இங்க எல்லாம் பழகிப்போச்சு, நாத்தம் அடிச்சா ஜன்னல சாத்திட்டு சீரியல் பாக்குறோம்.

இந்திர சின்ஹாவோட 'அனிமல்ஸ் பீப்பிள்' கெடச்சா படிங்க, 2007ல வந்தது. போபால மனசுல வெச்சு எழுதினது. விஷவாயு கசிஞ்ச ராத்திரி அதுல பழைய கதை, நாவல் நடக்குறது கிட்டத்தட்ட 20 வருஷம் கழிச்சு, முதுகு வளைஞ்சு நாலு கால்ல நடக்குற ஒரு பையன் வாயால, கெட்ட வார்த்தையும் நக்கலுமா. கோர்ட்ல கேஸ் இன்னும் இழுத்துட்டே இருக்கு. பரிதாபப்பட்டு பேசினா அவனுக்கு ஆவாது!

நம்மகிட்ட பக்கெட் இருக்கு. 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதி உங்க எர்ணாவூர் கரைல எண்ணெய் ஒதுங்கினப்போ பக்கெட்ல தான அள்ளினாங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட முகத்துவாரத்துல எண்ணெய் வந்தப்பவும் பக்கெட்டும் மக்கும் தான். அந்த பக்கெட்ட அப்புறம் அந்த வீட்டம்மா என்ன பண்ணியிருப்பாங்க? எத்தன வாட்டி சோப்பு போட்டாலும் பிசுக்கு போவல, தண்ணி லாரி வந்தா அத எடுத்துட்டு ஓட முடியாது, தூக்கிப்போடவும் மனசு வரல, வாசல்லயே கவுத்து வெச்சிருக்காங்க, பேரப்புள்ள அது மேல ஏறி உக்காருது. அங்க ஆரம்பிங்க.

அப்புறம் ஆத்துல எறங்கி கையால தடவி இறால் புடிக்கிறவங்ககிட்ட போய் பேசுங்க, மிதிக்கிறது சேறா, அனல் மின் நிலைய சாம்பலான்னு அவங்க காலு சொல்லிடும், எந்த ரிப்போர்ட்லயும் அது வராது.

கேள்வி: தமிழ்ல இந்த மாதிரி எத படிக்கலாம்? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: சா. கந்தசாமியோட 'சாயாவனம்'மா. கரும்பு ஆலை கட்டுறதுக்காக ஒரு வனத்த அழிக்கிறாங்க, அவ்ளோதான் கதை. அழிக்கிற வேலையே பக்கம் பக்கமா போவும், போரடிக்குதுன்னு தாண்டிடாதீங்க, நாவலே அதான்.