பூஸ்ட் ஒன்று, பவர் வேறா?

கே: என் காரிலும் நண்பர் காரிலும் ஒரே 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இரண்டிலும், டர்போ காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் பூஸ்ட் கேஜ் 1 பார்தான் காட்டுகிறது. ஆனால் பெரிய டர்போ மாட்டிய அவர் கார், ஆர்பிஎம் ஏற ஏற என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அழுத்தம் ஒன்றென்றால் காற்றும் ஒன்றுதானே?

ப: இல்லை. பவரைத் தருவது சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை. கேஜுக்கு எடை தெரியாது. சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் காற்று எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

முதலில் சூடு. 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 75 சதவீதத் திறனில் ஓடும் கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) அதைச் சுமார் 118 டிகிரியில் வெளியே தள்ளும். உங்கள் சின்ன டர்போ மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்கி, திறன் 60க்கு இறங்கினால் அதே காற்று 140 டிகிரி. காற்று சூடானால் அதே அழுத்தத்தில் எடை குறையும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் சமாளிக்கும். மிச்சச் சூட்டில் பெட்ரோல் கண்டபடி தானாக வெடிக்கும் நாக்கிங் வராமலிருக்க, எஞ்சினின் கணினியான இசியூ இக்னிஷனைத் தாமதப்படுத்தும். அங்கேயும் பவர் போகும்.

ஆனால் பெரிய திருட்டு நடப்பது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம். அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் நான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு இன்னொரு கேஜ் மாட்டிவிடுவேன். நடுவில் நீளமான செம்புக் குழாய் வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் கேஜ் போய்விடும். புகையால் சுழன்று கம்ப்ரசரைச் சுழற்றும் டர்பைன் சின்னது என்றால் 6000 ஆர்பிஎம்மில் இன்டேக்கில் 1 பார், எக்ஸாஸ்டில் 2 பார் என்று காட்டுவது சகஜம். பிஸ்டன் அந்த 2 பாரை எதிர்த்துப் புகையைத் தள்ள வேண்டும். தள்ளியும் கொஞ்சம் புகை உள்ளேயே தங்கிவிடும். அது அடைத்த இடத்தில் புதுக் காற்று நுழையாது. நண்பரின் டர்பைனில் வழி அகலம், அதனால் புகை சிரமமில்லாமல் வெளியேறுகிறது.

அதற்காக உடனே பெரிய டர்போ வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அதன் சக்கரம் கனம், சுற்றி எழ நேரமாகும். 2500 ஆர்பிஎம்மில் உங்களுக்கு முழு பூஸ்ட் வந்திருக்கும். அவர் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். ஊருக்குள் ஓட்ட உங்கள் வண்டிதான் சுகம்.

கே: சரி, இதே டர்போவில் பூஸ்டை 1.5 பார் ஆக்கினால்?

ப: முள் ஏறும். மேல் ஆர்பிஎம்மில் பவரைவிடச் சூடுதான் அதிகம் கூடும். அவ்வளவு சின்ன டர்போவின் ஷாஃப்ட் ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்; அதை இன்னும் விரட்டினால் பேரிங்குக்கு ஆபத்து. கை அரித்தால் முதலில் நல்ல இன்டர்கூலர் போடுங்கள்.