ஒரு காலத்தில் கேலி செய்த பழைய கார்களுக்கு இப்போது ஏன் இவ்வளவு கிராக்கி?

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும். எண்பதுகளில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பாவிடம் ஒரு கிழட்டு மொறிஸ் மைனர் இருந்தது. திரும்பும்போது சிக்னல் லைட் மினுக்காது, கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், வண்டிக்கு வயசாகிவிட்டதால் மழை நாளில் அது உள்ளேயே இறுகிவிடும், அப்பா உள்ளிருந்து முஷ்டியால் இரண்டு குத்துக் குத்துவார். பள்ளிக்கூட வாசலில் பொடியன்கள் தங்கள் விலாவில் குத்திக் கையை நீட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். அதே மாதிரி மைனர் றிபன் கட்டி நிற்கிறது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் அந்தக் கையை நீட்டச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள்!

1977க்குப் பிறகு இலங்கையில் இறக்குமதி திறந்து ஜப்பான் கார்கள் வந்து குவிந்ததும் மைனர் வசதியில்லாதவன் வண்டியாகிவிட்டது. இப்போது ‘அந்தக் கால இரும்பு, அசையாது’ என்கிறார்கள். சும்மா கதை. முன் சில்லைத் தாங்கும் ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் அது தேய்ந்து, ஒரு நாள் சில்லு மடிந்து வண்டி ரோட்டில் மூக்குக் குத்தும். அடித்தகரம் கறள் பிடிக்கும். அப்படிப் போனதெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, மிச்சம் நிற்பவை கவனமான ஆட்கள் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவை, அவற்றைப் பார்த்துத்தான் மொத்த மொடலுக்கும் நல்ல பெயர் கொடுக்கிறோம்.

அப்புறம் சாமான். கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்கிற வண்டிக்குத்தான் இங்கே பெயர் நிலைக்கும். எவ்வளவு திறமான கார் என்றாலும் ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு மூன்று கிழமை காத்திருக்க வேண்டுமென்றால் கராஜ் பாஸ்மாரே ‘ஐயோ, வாங்காதீங்க’ என்று பரப்பிவிடுவார்கள்.

இடத்தையும் பாருங்கள். யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைபட்டபோது ஒஸ்டின் ஏ40களைத் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கம்ப்ரெஷன், அதாவது எரிபொருளைச் சிலிண்டருக்குள் அழுத்தும் அளவு, குறைந்த பழைய எஞ்சின், தாங்கியது. கொழும்பில் அதே கார் பழைய தகரம்தான்.

கடைசியாக வாகன இறக்குமதித் தடை. 2020 மார்ச்சில் நிறுத்தியதைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், இடையில் பழையது எல்லாமே விலை ஏறியது. மைனரை விற்று அப்பா தொண்ணூறுகளில் வாங்கியது மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சீசீ. எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பெயர் ‘தீப்பெட்டி’. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் என்றானபோது, பெரிய ஜீப் வைத்திருந்த பக்கத்து வீட்டு அங்கிள் வாசலில் வந்து நின்று, “அண்ணை, பிள்ளையை டியூஷனில விட்டுட்டு வர உங்கட தீப்பெட்டியைக் கொஞ்சம் தாறீங்களா?” என்றார்.

“மாருதி” என்று திருத்திவிட்டுத்தான் அப்பா சாவியைக் கொடுத்தார்.