பிரேக் இல்லாத சைக்கிளும் வெலோட்ரோம் இல்லாத நாங்களும்: கேட்டதுக்கு பதில்

வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். முந்தி ரோட் ரேஸ் ஓடினனான், இப்ப ஞாயிறு விடிய சுதந்திர சதுக்கத்துப் பக்கம் கொஞ்சப் பிள்ளையளுக்கு சைக்கிள் பழக்கிறன். ட்ரக் சைக்கிளிங், அதாவது வெலோட்ரோம் எண்டு சொல்லுற, ஓரம் சரிஞ்ச முட்டை வடிவத் தடத்தில ஓடுற சைக்கிள் பந்தயம், அதப் பற்றி கேளுங்கோ எண்டதும் கேள்வி குவிஞ்சு போச்சு, ஏலுமானதுக்கு சொல்லுறன்.

தெமட்டகொடையில இருந்து: நானா, இந்த சைக்கிளுக்கு பிரேக்கே இல்லயாமே, அப்ப எப்பிடி நிப்பாட்டுற?

உண்மை தான் தம்பி. ஃப்ரீவீலும் இல்ல. சில்லு சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், கால் சும்மா இருக்க விடாது. வேகத்தக் குறைக்க பெடல எதிர்த்து அமத்த வேணும், இல்லாட்டி சரிவில மேல ஏறினா தானாக் குறையும். எல்லாருக்கும் பிரேக் இருந்தா தான் ஆபத்து, முன்னுக்குப் போறவன் சடாரெண்டு பிடிச்சா பின்னால ஒட்டிக்கொண்டு வாறவன்ட கதி என்ன? அதுக்காக காலி வீதியில பிரேக் இல்லாத சைக்கிளோட 100ம் நம்பர் பஸ்ஸுக்கு முன்னால போகாதேங்கோ.

பம்பலப்பிட்டியில இருந்து: ஸ்ப்ரின்ட் எண்டு பேர வச்சிட்டு ரெண்டு பேரும் ஆமை மாதிரி ஊருறாங்கள், சிலநேரம் அப்பிடியே நிக்கிறாங்கள். என்ன கூத்து அண்ணை?

எனக்கு இதில இருந்து தான் பைத்தியம் பிடிச்சது. முன்னுக்குப் போறவன் காத்த வெட்ட வேணும், பின்னால இருக்கிறவன் அந்த நிழல்ல சும்மா வந்து, காலில பலத்த மிச்சம் வச்சு, கடைசி நேரம் பக்கத்தால எடுத்துக்கொண்டு போயிடுவான். அதால ரெண்டு பேருக்கும் முன்னுக்குப் போக விருப்பமில்ல, ‘நீ போ, நீ போ’ எண்டு நிண்ட இடத்திலயே சைக்கிள பலன்ஸ் பண்ணிக்கொண்டு நிப்பாங்கள். பிறகு வெடிச்சா பாக்கோணும். 2024 பரிஸ்ல நெதர்லாந்துக்காரர் ஹாரி லவ்ரெய்சன் தகுதிச் சுற்றில 200 மீட்டர 9.088 செக்கனில முடிச்சவர், மணிக்கு 79 கிலோமீட்டருக்கு மேல. அந்த ஒலிம்பிக்ல மூண்டு தங்கம்.

வத்தளையில இருந்து: முன்னுக்கு ஒரு குட்டி மோட்டர் சைக்கிள் போகுதே?

அது கெய்ரின் எண்ட பந்தயம். 1948ல ஜப்பான்ல சூதாட்டப் பந்தயமாத் துவங்கினது, 2000 சிட்னியில தான் ஒலிம்பிக்குக்கு வந்தது. மோட்டர் வேகத்தக் கூட்டிக்கொண்டு போய் கடைசி மூண்டு சுத்துக்கு முன்னால விலகும், அதுக்குப் பிறகு அடிபிடி தான்.

கொட்டாஞ்சேனையில இருந்து: பெரிய நாடுகள் காசால வாங்கிற மெடல் தானே இதெல்லாம்? நாங்கள் வெலோட்ரோம் கட்டாம கதைச்சு என்ன பிரயோசனம்?

காசு வேணும், இல்லையெண்டு சொல்லேல்ல. பிரித்தானியாவப் பாருங்கோ, 1996 அட்லாண்டாவில எல்லா விளையாட்டும் சேத்து ஒரே ஒரு தங்கம். மன்செஸ்டர் வெலோட்ரோம் 1994லயே திறந்தாச்சு, ஆனா விளையாட்டுக்கு லொத்தர் காசு ஒழுங்கா வரத் துவங்கி, கோச்மார் முழுநேரமா வந்து, ஆக்களத் தெரிஞ்செடுத்து வருஷக்கணக்கா விடாமப் பழக்கினாப் பிறகு தான் 2008 பீஜிங்ல ட்ரக்கில இருந்த 10 தங்கத்தில 7 அவங்களுக்கு. அப்ப கட்டிடம் மட்டும் காணாது எண்டு விளங்குது தானே.

மலேசியாக் கதை இன்னும் நல்லது. அசிசுல்ஹஸ்னி அவாங் திரெங்கானுப் பெடியன், சின்ன உருவம். கனகாலம் மெல்பேர்ன்ல இருந்து அவுஸ்திரேலியக் கோச்சோட பழகி 2016 ரியோவில கெய்ரின் வெண்கலம், 2017ல உலக சாம்பியன், டோக்கியோவில வெள்ளி. மலேசியாவின்ட நீலாய்ல வெலோட்ரோம் வந்தது ரியோ மெடலுக்குப் பிறகு! இந்தியா டெல்லியில 2010 கொமன்வெல்த் விளையாட்டுக்கு கட்டினது, ஜூனியர் பெடியங்கள் டீம் ஸ்ப்ரின்ட்ல உலகத் தங்கம் எடுத்தது 2019ல. ஒம்பது வருஷம்.

250 மீட்டர் மரத்தடத்துக்கு எங்கட புழுக்கத்தில கூரையும் வேணும், ஈரப்பதத்தக் கட்டுப்படுத்தவும் வேணும், கரண்ட் பில் ஆர் கட்டுறது? அதுக்கு முதல் வெளியில ஒரு கொங்கிரீட் ட்ரக் போதும், 333 மீட்டர் எண்டாலும் பரவாயில்ல, மிச்சக் காசில நாலு பிள்ளையள வெளியில அனுப்பலாம். திறந்து வச்சு ரிப்பன் வெட்டிற படத்துக்கு நாலு பிள்ளையள் உதவாது தான், அது வேற பிரச்சன.

(மரம் எண்டதும் ஞாபகம் வருது: 2011ல மன்செஸ்டர்ல அவாங் விழுந்து, தடத்து மரச்சிராய் ஒண்டு கெண்டைக்கால ஊடுருவிப் போயிட்டு. அதோட எழும்பி ஓடி மூண்டாவதா முடிச்சவர். விழுந்த பிள்ளைய எழுப்ப நான் சொல்லுற கதை இது தான்.)

தெஹிவளையில இருந்து ஒரு அம்மா: தம்பி, மகளுக்கு 14 வயசு, ஸ்கூல்ல 100 மீட்டர் ஓடுறாள், நெட்போலும் விளையாடுறாள். சைக்கிள் ஆசை இப்ப தான் வந்திருக்கு, பிந்திப் போச்சோ?

பிந்தேல்ல அக்கா, உண்மையில நல்ல வயசு. கனடாவில கெல்சி மிச்செல் எண்டு ஒரு ஃபுட்போல் விளையாடின பிள்ளை, திறமை தேடுற டெஸ்ட் ஒண்டில ஆள் ஆப்பிட்டு 2017ல தான் ட்ரக்குக்கு வந்தவ, 2021ல டோக்கியோவில ஸ்ப்ரின்ட் தங்கம். ஓட்டக்காரியின்ட கால் வெடிப்பு இந்த விளையாட்டுக்கு அப்பிடியே வரும். ஓட்டத்தையும் நெட்போலையும் விட வேண்டாம். ட்ரக் சைக்கிள் இப்ப வாங்காதேங்கோ, பிரேக் ரெண்டும் வேல செய்யிற, அவளின்ட உயரத்துக்கு சரியான பழைய ரோட் சைக்கிள் ஒண்டு காணும். சீற் உயரம் மட்டும் தெரிஞ்ச ஆளக் கொண்டு சரி பாருங்கோ, இல்லாட்டி முழங்கால் தான் அடிபடும்.

ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஹெல்மட் இல்லாட்டி ஏத்த மாட்டன்.